அளவு ஜாக்கெட்டும் லினக்ஸ் கெர்னலும்

இரண்டாமாண்டு மாணவி, கணிப்பொறிப் பொறியியல் துறை



தலைப்பைப் பார்த்துவிட்டு "ஏதோ தையல் குறிப்பு" என்று பக்கத்தைப் புரட்டப் போகும் நண்பர்களே, கொஞ்சம் பொறுங்கள். கணிப்பொறியைப் பற்றித்தான் எழுதுகிறேன். கணிப்பொறி என்றதும் புரட்டப் போகும் மெக்கானிக்கல் நண்பர்களே, நீங்களும் பொறுங்கள். உங்களுக்கென்றே ஒரு பத்தி வைத்திருக்கிறேன்.

எங்கள் துறையில் ஒரு தீராத சண்டை உண்டு. கேன்டீனில் வாங்கிய டீ ஆறி ஏடு கட்டும் வரை நடக்கும். விண்டோஸா லினக்ஸா என்கிற சண்டை அல்ல. அது முதலாமாண்டோடு முடிந்து போகும். இது லினக்ஸ்காரர்கள் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொள்ளும் சண்டை. கெர்னலை ரெடிமேடாக இறக்கிப் போட்டுக்கொள்வதா, இல்லை மூலநிரலை எடுத்து நாமே கம்பைல் செய்துகொள்வதா?

"ஆப்ட் போட்டு இறக்கிக்கிறவங்க எல்லாம் லினக்ஸ் ஆளுங்களே இல்ல. அதுக்கு விண்டோஸே வச்சுக்கலாம்" என்று மூன்றாமாண்டு அண்ணன் ஒருவர் ஒரு நாள் சொன்னார். சொன்னது என்னைப் பார்த்துத்தான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

ஏன் என்றும் சொல்லி விடுகிறேன். அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறார். அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர், வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இப்படி வருகிறவர்களுக்கு உள்ளூர ஒரு பயம் இருக்கும். மற்ற எல்லாருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று நமக்கு மட்டும் தெரியாமல் இருக்கிறது, வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வோம் என்கிற பயம். "நீ லினக்ஸ் ஆளே இல்ல" என்றால் நேராக அந்த இடத்திலேயே கை வைத்த மாதிரி. உங்களில் பாதிப் பேருக்காவது இது புரியும் என்று நினைக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கெர்னல் என்பது இயங்குதளத்தின் உயிர்நாடி. கீபோர்டில் தட்டியது, ஹார்டு டிஸ்க்கில் எழுதியது, எந்த நிரலுக்கு எவ்வளவு நினைவகம், யாருக்கு எப்போது பிராசசர் என்பதெல்லாம் அதன் கையில்தான். 1991-ல் ஃபின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் இதை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 21. 1994 மார்ச்சில் 1.0 பதிப்பு வந்தபோது மொத்தம் 1,76,250 வரிகள். 2025 தொடக்கத்தில் அது 4 கோடி வரிகளைத் தாண்டி விட்டது! இவ்வளவும் நம் கணிப்பொறிக்குத் தேவையா என்றால், தேவையில்லை. பெரும்பகுதி டிரைவர்கள். உலகத்தில் உள்ள எந்தெந்தக் கார்டுக்கோ, எந்தெந்த பிரிண்டர் போர்ட்டுக்கோ எழுதி வைத்தவை.

அந்தக் காலத்தில் கம்பைல் செய்வது பெருமைக்காக அல்ல, வேறு வழியில்லாமல்தான். 1993-ல் ஸ்லாக்வேர், டெபியன் போன்ற விநியோகங்கள் தொடங்கியபோது வீட்டுக் கணிப்பொறிகளில் 4 எம்பி, 8 எம்பி என்றுதான் நினைவகம். டிரைவர்களைக் கெர்னலோடு சேர்த்தே கட்ட வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்தால் இடம் போதாது. அதனால் ஸ்லாக்வேர் வெவ்வேறு கார்டுகளுக்கென்று வெவ்வேறு கெர்னல்களை ஃப்ளாப்பிக்கு ஒன்றாகக் கொடுத்தது. நம்முடையது எது என்று பார்த்துப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். பிறகு தனக்கு வேண்டியதை மட்டும் வைத்துக் கம்பைல் செய்துகொள்ள வேண்டும். மூன்றாமாண்டு அண்ணன் சொன்ன வீர வசனம் அந்தக் காலத்தில் பிறந்தது.

பிறகு மாட்யூல் என்கிற முறை பரவலானது. இங்கேதான் எங்கள் அம்மா வருகிறார்.

ஜாக்கெட் தைக்கும்போது பக்கவாட்டில் துணியை ஒட்ட வெட்டி விட மாட்டார். உள்ளே துணி விட்டு, இரண்டு மூன்று தையல் வரிசையாகப் போடுவார். உடம்பு போட்டால் ஒரு தையலைப் பிரித்து விட்டுக்கொள்ளலாம். உள்ளே இருக்கிற துணி வெளியே தெரியாது, போட்டிருப்பவருக்குப் பாரமும் இல்லை. டெபியன் தரும் ரெடிமேட் கெர்னல் இப்படித்தான். சில ஆயிரம் டிரைவர்கள் மாட்யூல்களாக ஹார்டு டிஸ்க்கில் தனித்தனிக் கோப்புகளாகக் கிடக்கின்றன. எந்தக் கருவி இருக்கிறதோ அதற்குரிய மாட்யூல் மட்டும் நினைவகத்துக்கு வரும். மற்றவை டிஸ்க்கில் கொஞ்சம் இடம் அடைப்பதோடு சரி. என் லேப்டாப்பில் 'எல்எஸ்மாட்' போட்டு எண்ணிப் பார்த்தேன். நூற்றுக்குச் சற்று மேலேதான் வந்தது.

"ரெடிமேட் கெர்னல் தேவையில்லாததை எல்லாம் சுமந்துகிட்டு ஓடும், அதான் ஸ்லோ" என்று கேன்டீனில் சொல்வார்களே, அது பெரும்பாலும் பழைய கதை. நம் பிராசசருக்கு ஏற்ற மாதிரி கம்பைல் செய்தால் வேகம் பிய்த்துக்கொண்டு போகும் என்பதும் அப்படியே. கெர்னல் எழும்போதே பிராசசர் என்ன ரகம் என்று பார்த்து, சில இடங்களில் தன் கட்டளைகளையே அதற்கேற்ப மாற்றி எழுதிக்கொள்கிறது. சில வேலைகளுக்கு நாலைந்து முறைகளை அந்த இடத்திலேயே ஓட்டிப் பார்த்து, எது வேகமோ அதை எடுத்துக்கொள்கிறது. வாடிக்கையாளர் போட்டுப் பார்க்கும்போதே சட்டை தன் கையளவைச் சரி செய்துகொண்டால் எப்படி இருக்கும்! அம்மாவிடம் சொன்னேன். "அப்ப எங்க பொழப்பு என்னாகறது?" என்றார்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது பிறகு. அன்று கேன்டீனில் எனக்கு வாயில் பதில் இல்லை. ஒரு தடவையாவது கையால் செய்து பார்த்துவிட்டுப் பேசுவோம் என்று முடிவு செய்தேன்.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு லேப்டாப். தெருவில் ஒரு அண்ணன் 2013-ல் பிளஸ் டூ படித்தபோது தமிழ்நாடு அரசு கொடுத்தது. அவர் வேலைக்குப் போய்ப் புதிது வாங்கியதும் எனக்குத் தந்தார். அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அது சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. நான் இன்னொரு 2 ஜிபி ராம் சேர்த்து 4 ஜிபி ஆக்கி, 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐப் போட்டேன். அதன் கெர்னல் 6.12. பேட்டரி செத்துப் பல நாளாகிறது. ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும்.

அம்மாவின் கணக்கும் அதில்தான். யார் துணி கொடுத்தார், எவ்வளவு அட்வான்ஸ், லைனிங் உண்டா இல்லையா, எந்தத் தேதிக்கு வேண்டும் என்று எல்லாம் ஒரு கோப்பில் நான் ஏற்றி வைப்பேன். 2025 தீபாவளிக்கு முன்னால் அந்தக் கோப்பில் நாற்பது ஜாக்கெட் வரிசையில் நின்றது. அதனால் தீபாவளி முடியும் வரை கெர்னல் பக்கமே போகவில்லை. முடிந்த பிறகும் முதல் வேலையாகக் கணக்கைப் பென்டிரைவில் எடுத்து அரிசி டின்னுக்கு மேலே வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன்.

மூலநிரல் 150 எம்பிக்குள் வந்துவிடும். விரித்தால் அதைப் போலப் பத்து மடங்கு ஆகும். அடுத்து, எதை எதை வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். 'மேக் மெனுகான்ஃபிக்' போட்டால் நீலத் திரையில் பட்டியல் விரியும். ஒவ்வொன்றுக்கும் ஒய், எம், என். ஒய் என்றால் கெர்னலோடு சேர்த்துக் கட்டு, எம் என்றால் மாட்யூலாக வை, என் என்றால் வேண்டாம். ஆயிரக்கணக்கான கேள்விகள்! வைவாவில்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் நாமே பதில் சொல்வதென்றால் டிப்ளமோ முடிந்துவிடும்.

இதற்கு வழி, அம்மாவிடம் வரும் பெண்கள் செய்வதுதான். யாரும் டேப் வைத்து அளவெடுக்க நிற்பதில்லை. நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். அதுதான் அளவு ஜாக்கெட். டெபியன் தன் கெர்னலுக்கு என்னென்ன தேர்ந்தெடுத்தது என்பதை, ஒரு வரி விடாமல், பூட் என்ற அடைவில் ஒரு கோப்பாக வைத்திருக்கிறது. 'கான்ஃபிக்' என்று தொடங்கும் பெயர். அதை எடுத்து மூலநிரல் அடைவில் வைத்தால் அதுவே நமக்கு அளவு.

இதைத் திறந்து படித்தபோதுதான் ரெடிமேட் பற்றி எனக்கு இருந்த எண்ணம் மாறியது. ரெடிமேட் என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொருள் என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே துணிக்கடைக்காரர் சட்டையோடு, அதை வெட்டிய பேப்பரையும் மடித்துக் கூடவே கொடுக்கிறார். யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், அதே மாதிரி வெட்டலாம், மாற்றியும் வெட்டலாம். ஆப்ட் போட்டு இறக்கியவருக்கும் அந்தக் கோப்பு வந்திருக்கிறது. திறந்து பார்க்கிறோமா என்பதுதான் கேள்வி.

இரண்டு முறை கம்பைல் செய்தேன். முதல் முறை, வேண்டுமென்றே, டெபியனின் கான்ஃபிக்கை அப்படியே வைத்து. மாற்றியது இரண்டே இடம். ஒன்று, பிழை ஆராய்வதற்கான தகவலைச் சேர்க்காதே என்று அணைத்தேன். அதை விட்டால் பல ஜிபி டிஸ்க்கைச் சாப்பிடும், 4 ஜிபி ராமும் திணறும். இரண்டு, 'சிஸ்டம் டிரஸ்டட் கீஸ்' என்ற வரியைப் பார்த்துக் காலியாக்கி வைத்தேன். டெபியன், உபுண்டு இரண்டிலும் பல பதிப்புகளில் அந்த வரியில் அவர்களுடைய சான்றிதழ்க் கோப்பின் பெயர் இருக்கும். அது நம்மிடம் இல்லாததால் கம்பைல் பாதியில் நின்றுவிடும். செய்து பார்க்கப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரவு பத்து மணிக்கு, தையல் மெஷின் மேஜையில் லேப்டாப்பை வைத்து 'மேக்' கொடுத்தேன். திரையில் வரி வரியாக ஓடியது. ஃபேன் சத்தம் தம்பியைத் தூங்க விடவில்லை. பன்னிரண்டு மணிக்கு அம்மா எழுந்து வந்து, "பாப்பா, இது இன்னுமா ஓடுது? சூடு பறக்குதே, வெடிச்சிறாதே?" என்றார். ஒன்றரைக்குக் கரண்ட் போனது. இருபது நிமிடம் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். வந்ததும் மறுபடி 'மேக்' கொடுத்தால், விட்ட இடத்திலிருந்தே தொடங்கியது. முடிந்த கோப்புகளின் நேரத்தைப் பார்த்துவிட்டு மீதியை மட்டும் செய்கிறது. எவ்வளவு பெரிய ஏற்பாடு! ஐந்தரை மணிக்கு, பால்காரர் மணி அடிக்கும்போது முடிந்தது.

இரண்டாவது முறை 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்'. இது 2009-ல் கெர்னலில் சேர்ந்த வசதி. இப்போது ஏறியிருக்கும் மாட்யூல்கள் எவை என்று பார்த்து, அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடும். அதாவது, உள்ளே விட்ட துணி முழுவதையும் ஒட்ட நறுக்குவது. இதில் ஒரு ஆபத்து உண்டு. அந்த நேரத்தில் சொருகாத கருவி அதற்குத் தெரியாது. என் வகுப்பில் ஒரு மாணவர் இப்படிச் செய்து, மறுநாள் ரெக்கார்டு பிரிண்ட் எடுக்கப் பென்டிரைவைச் சொருகினால் மெஷின் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்ததாம். அதனால் நான் பென்டிரைவ், மவுஸ், ஃபோன், பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய பிரிண்டர், வைஃபை என்று ஒவ்வொன்றாகச் சொருகி எடுத்த பிறகே கட்டளையைக் கொடுத்தேன். இந்த முறை ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே, அவ்வளவுதான்.

'மேக் பின்டெப்-பிகேஜி' என்று கொடுத்தால் டெபியன் பொட்டலமாகவே கட்டிக் கொடுத்துவிடும். நிறுவுவதும் சுலபம், பிடிக்காவிட்டால் நீக்குவதும் சுலபம். பழைய கெர்னலும் அப்படியே இருக்கும். எழும்போது க்ரப் பட்டியலில் எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

கெர்னலின் பெயரோடு நம் விருப்பப்படி ஒரு சொல்லைச் சேர்க்க ஒரு இடம் உண்டு, 'லோக்கல்வெர்ஷன்' என்று. அதில் அம்மாவின் பெயரை ஆங்கில எழுத்தில் போட்டேன். எழுந்ததும் 'யூநேம்' கொடுத்தேன். 6.12, பக்கத்தில் ஒரு கோடு, பிறகு அம்மாவின் பெயர். அம்மாவுக்குத் தன் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் படிக்கத் தெரியும், ரேஷன் கார்டில் பார்த்துப் பழக்கம். "என் பேரு எதுக்கு இதுல? ஏதாவது கேஸு வந்துருமா?" என்றார். அப்புறம் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

சரி, வேகம்? டெபியனின் கெர்னலில் முழுவதும் எழ 51 வினாடி. நறுக்கிய கெர்னலில் 48. மூன்று வினாடிக்காக இரண்டு நாள்! நேரத்தைத் தின்பது கெர்னல் அல்ல, அந்தப் பழைய ஹார்டு டிஸ்க்கும் அதன் பிறகு எழும் சேவைகளும்தான். எழுந்த பிறகு இரண்டுக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தெரிகிறது என்று சொல்லும் நண்பர்கள் கடிகாரத்தோடு வரட்டும்.

வேகத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கேன்டீன் சண்டையில் அதை யாருமே பேசுவதில்லை. 2022 மார்ச்சில் 'டர்ட்டி பைப்' என்றொரு ஓட்டை வெளியே வந்தது. 2020-ல் வந்த 5.8 பதிப்பிலிருந்தே கெர்னலில் இருந்தது. சாதாரணப் பயனர் ஒருவர், படிக்க மட்டும் அனுமதி உள்ள கோப்பிலும் எழுத முடியும், அதன் வழியாக முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொள்ள முடியும். ரெடிமேட் கெர்னல் வைத்திருந்தவர்கள் வழக்கம்போல ஆப்ட் அப்கிரேடு கொடுத்து, ஒரு முறை அணைத்துப் போட்டார்கள், தீர்ந்தது. தானே கம்பைல் செய்தவர்? செய்தியைத் தானே கவனிக்க வேண்டும், புது மூலநிரலை இறக்க வேண்டும், மறுபடி மேக். 6.12 வரிசையில் ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு திருத்தப் பதிப்பு வந்துகொண்டிருந்தது. செமஸ்டர் பரீட்சை நேரத்தில் யார் உட்கார்ந்து கம்பைல் செய்வது? கெர்னலைத் தைப்பது ஒரு ராத்திரி வேலை. அதைப் பராமரிப்பது அந்த லேப்டாப் இருக்கும் வரை.

டெபியனில் அந்த வேலையைச் செய்யும் கெர்னல் குழு ஒன்று இருக்கிறது. முகம் தெரியாத லட்சக்கணக்கான மெஷின்களுக்கு, எது பொருந்தும், எது உடையும் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதை வாங்கிப் போட்டுக்கொள்வது சோம்பேறித்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் அம்மா ஊருக்கே ஜாக்கெட் தைக்கிறார், ஆனால் தனக்கு நைட்டி கடையில்தான் வாங்குகிறார். "நைட்டிக்குப் போயி யாராச்சும் உக்காந்து துணி வெட்டுவாங்களா?" என்பார். அவருக்குத் தைக்கத் தெரியாது என்று எவரும் சொன்னதில்லை.

இப்போது மெக்கானிக்கல் நண்பர்களே, உங்கள் பத்தி. லினக்ஸ்சிஎன்சி என்ற மென்பொருளை வைத்துப் பழைய மில்லிங் மெஷினைக்கூடக் கணிப்பொறியால் ஓட்டலாம். ஸ்டெப்பர் மோட்டாருக்குத் துடிப்பு குறித்த நேரத்தில் போக வேண்டும். சாதாரணக் கெர்னல் வேறு வேலையில் மாட்டிக்கொண்டு கொஞ்சம் தாமதித்தாலும் வெட்டு கெட்டுவிடும். அதற்கு 'ரியல்டைம்' கெர்னல் வேண்டும். பல வருடம் இது தனித் திருத்தமாக இருந்தது. மூலநிரலில் ஒட்டுப் போட்டு நாமே கம்பைல் செய்ய வேண்டும், இல்லையென்றால் யாராவது ஒட்டிக் கொடுத்ததைத் தேட வேண்டும். 2024-ல் வந்த 6.12 பதிப்பில்தான் அது முதன்மைக் கெர்னலிலேயே சேர்ந்தது. டெபியன் அதையும் 'ஆர்டி' என்ற பெயரில் தனிப் பொட்டலமாகத் தருகிறது. நிஜமாகவே கம்பைல் தேவைப்பட்ட ஒரு காரணமும் இப்படி ரெடிமேடுக்குப் போய்விட்டது.

மிச்சக் காரணங்கள் இல்லாமல் இல்லை. டெபியன் அணைத்து வைத்த டிரைவர் ஒன்று நமக்கு வேண்டும் என்றாலோ, மிகச் சிறிய நினைவகம் உள்ள போர்டில் போட வேண்டும் என்றாலோ, எந்தத் திருத்தத்தில் பிழை நுழைந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றாலோ கம்பைல்தான் வழி. இன்னொரு காரணமும் உண்டு, அது எங்களைப் போன்றவர்களுக்கு. ஒரே ஒரு தடவை செய்து பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. என் லேப்டாப்பின் வைஃபை சிப் எந்தக் கம்பெனி, டிஸ்க் எந்த வழியாகப் பேசுகிறது, மாட்யூலாக இருக்கும் டிஸ்க் டிரைவரை எடுப்பதற்கு முன்பே டிஸ்க்கை எப்படித் திறப்பது (அதற்குத்தான் இனிட்ராம்எஃப்எஸ் என்று ஒரு சின்ன மூட்டை கூடவே வருகிறது) என்பதெல்லாம் புத்தகத்தில் படித்தபோது ஏறவில்லை. அந்த இரண்டு ராத்திரியில் ஏறியது.

மூன்றாமாண்டு அண்ணனிடம் 51, 48 கணக்கைச் சொன்னேன். "உன் ஹார்டு டிஸ்க் அப்படி" என்றார். அவர் மெஷினில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று கேட்டேன். 'யூநேம்' போட்டுப் பார்த்தார். ஒன்றரை வருடத்துக்கு முந்தைய கெர்னல். அன்றைக்கு டீக்கு அவரே காசு கொடுத்தார். நல்ல அண்ணன்தான்.

இப்போது எங்கள் வீட்டு லேப்டாப் டெபியனின் சொந்தக் கெர்னலில்தான் எழுகிறது. பொங்கல் ஆர்டர் அதில்தான் ஏறியது. அம்மா பெயர் போட்டது க்ரப் பட்டியலில் இரண்டாவதாக இருக்கிறது. லீவு நாளில் புதுப் பதிப்பு வைத்துக் கட்டிப் பார்ப்பேன்.

என் கான்ஃபிக் கோப்பு வேண்டும் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். தருகிறேன். ஆனால் அது 2013 லேப்டாப் ஒன்றுக்கு ஒட்ட நறுக்கியது. உங்கள் மெஷினில் எழுமா என்பது சந்தேகம்தான், டெபியனுடையதை எடுத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. மூலநிரலும் தேவைப்படும் பொட்டலங்களும் இறக்கி வைத்திருக்கிறேன், நெட் செலவு மிச்சம். வரும்போது உங்கள் பென்டிரைவையே கொண்டு வாருங்கள். என்னிடம் இருப்பதில் அம்மாவின் கணக்கு இருக்கிறது.